சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

ஓர் அரசு தன் குடிகளைப்பற்றி உண்மையில் யாது கருதுகின்றது என்பதை அறிய விரும்புவோர், அதன் அமைச்சர்கள் மேடையேறிப் பேசுவதைக் கேட்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் அது வகுக்கும் வரவு செலவுத் திட்டத்தை எடுத்துப் பார்த்தால் போதும். எதற்குப் பணம் உண்டு, எதற்குப் பணம் இல்லை என்னும் இரண்டு செய்திகளில் அதன் நெஞ்சம் வெளிப்பட்டுவிடும். சிறைச்சாலைக்கு மதில் எழுப்பப் பணம் கிடைக்கின்றது. சிறுவன் ஒருவனின் வழக்கை விரைந்து கேட்டு முடிக்கவும், அவன் வீட்டு நிலையை விசாரித்து எழுதவும், அவன் மனத்தை அறிந்து சொல்லவும் ஆட்களை அமர்த்தப் பணம் கிடைப்பதில்லை என்றால், அது கணக்கரின் பிழையா, அன்றி அறத்தின் பிழையா? அறத்தின் பிழையே என்பதும், அப்பிழையில் நமக்கும் பங்கு உண்டு என்பதுமே இங்கு ஆராயப்படுவன.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு இஃது ஏட்டுக் கேள்வி அன்று. நம் தெருக்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பலர் பகல் முழுதும் வேலைக்குச் சென்ற தாய் தந்தையரை எதிர்நோக்கித் தனியே வளர்கின்றனர். அவர்களுள் ஒருவன், யாரோ கொண்டு வந்த வண்டியில் பின்னால் ஏறிச் சென்றான் என்றும், அவ்வண்டி திருட்டு வண்டி என்றும், போலீசார் பிடித்துக்கொண்டனர் என்றும் இரவில் செய்தி வருகின்றது. தாய் ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். அவளுக்குச் சட்டம் தெரியாது; மராத்தியும் அரைகுறை. அந்த இரவில் அவளுடைய மகனுக்கு நேர்வது யாது என்பதை முடிவு செய்வது அந்தப் போலீஸ்காரரின் நல்லெண்ணம் மட்டும் அன்று. பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டசபையில் ஒதுக்கப்பட்டதும் ஒதுக்கப்படாததுமான பணமும் ஆகும்.

நம் நகரின் வரலாறு

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 4ஆம் இனம் சிறைகளையும் சீர்திருத்தப் பள்ளிகளையும் பார்ஸ்டல் நிலையங்களையும் ஒன்றாகச் சேர்த்து மாநில அரசின் கையில் ஒப்படைத்திருக்கின்றது. ஆகவே ஆர்தர் ரோடு சிறைக்கும், டோங்கிரியில் உள்ள சிறுவர் இல்லத்திற்கும், மான்கூர்டில் உள்ள குழந்தைகள் இல்லத்திற்கும் முதற்பொறுப்பு மகாராஷ்டிர அரசினுடையது. சிறார் நலத் திட்டங்களில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன.

சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்தல் தகாது என்னும் எண்ணம் இந்நாட்டில் மெல்லவே வேரூன்றியது. 1919-20இல் அமைந்த இந்தியச் சிறைக் குழு அதனை வற்புறுத்திற்று. அதன் பின் குழந்தைகள் சட்டத்தை முதலில் இயற்றிய பெருமை நம் சென்னை மாகாணத்துக்கு உரியது, ஆண்டு 1920. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அவ்வழி நின்றன. பம்பாயில் குழந்தைகள் உதவிச் சங்கம் 1927இல் தோன்றியது. பின்னர் 1986இல் நாடு முழுமைக்கும் ஒரு சிறார் நீதிச் சட்டம் வந்தது. 2000இல் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரும் சிறாரே என்று வகுக்கப்பட்டது. 2015இல் இப்போதுள்ள சட்டம் பிறந்தது.

டோங்கிரி இல்லத்தின் வரலாறு சிந்திக்கத்தக்கது. உமர்காடிச் சிறை என்று பெயர் பெற்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சிறைச்சாலை அது. 1882இல் திலகரும் அகர்க்கரும் 101 நாள் அடைபட்டிருந்த டோங்கிரிச் சிறை அதுவே. பின்னாளில் அந்தச் சிறையே சிறுவர்களுக்கான இல்லமாக மாற்றப்பட்டது. இன்று வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கண்காணிப்பு இல்லம் அங்கே நடைபெறுகின்றது. சிறை, பெயர் மாறி, இல்லமாயிற்று. ஆனால் பெயர் மாறிய அளவில் தன்மையும் மாறிவிடுமா?

மணிமேகலை கேட்ட வரம்

இந்தக் கேள்வியைத் தமிழர்க்கு முதலில் எழுப்பியவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையின் பத்தொன்பதாம் காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்னும் பெயருடையது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்குள் மணிமேகலை நுழைகிறாள். பசியால் வாடிக் கிடந்த கைதிகளுக்கு அமுதசுரபியைக் கொண்டு உணவளிக்கிறாள். ஒரே பாத்திரத்தால் இத்தனை பேரும் உண்டனரே என்று வியந்த காவலர் மன்னனிடம் அறிவிக்கின்றனர். சோழன் அவளை அழைத்து, நான் செய்யத்தக்கது யாது என்று வினவுகின்றான். பொன்னும் மணியும் கேட்டிருக்கலாம். அவள் கேட்டது, சிறையைச் சிறையாக இராமல் அறவோர் வாழும் கோட்டமாக ஆக்க வேண்டும் என்பதே. மன்னனும் இசைந்தான்.

இக்கதையில் நாம் கருத வேண்டுவன இரண்டு. முதலாவது, மணிமேகலை முதலில் உணவிட்டாள்; பின்னரே வரம் கேட்டாள். கைதியின் குற்றம் யாது, அவன் குலம் யாது என்று விசாரித்துவிட்டுச் சோறிடவில்லை. உயிரைத் தாங்குவது முன்னே, தீர்ப்பளிப்பது பின்னே என்பது அவள் கொண்ட முறை. இரண்டாவது, அதே காப்பியத்தில், அதே மன்னனுடைய ஆட்சியில், சில காதைகள் கழிந்ததும் மணிமேகலையே சிறைவைக்கப்படுகின்றாள்! ஒரு கட்டடம் அறக்கோட்டமாயிற்று. அடைத்து வைக்கும் வழக்கமோ நகரை விட்டு நீங்கவில்லை. கட்டடத்தை மாற்றுதல் ஒருநாள் வேலை, அரசின் மனத்தை மாற்றுதல் நெடுநாள் வேலை என்பதைச் சாத்தனார் நமக்குச் சொல்லாமற் சொல்கின்றார்.

காவல் அளித்தான்; பொருள் அளிக்கவில்லை

குற்றத்தின் பிறப்பைப்பற்றிப் பகவன் புத்தர் அருளியவற்றுள் சக்கவத்தி சீகநாத சுத்தம் தலைசிறந்தது. அரசன் ஒருவன் குடிகளுக்கு முறைப்படி காவல் அளித்தான். ஆனால் வறியவர்க்குப் பொருள் அளிக்கவில்லை. அதனால் வறுமை பெருகிற்று. வறுமையால் ஒருவன் திருடினான். ஏன் திருடினாய் என்று அரசன் கேட்க, வாழ வழியில்லை என்று அவன் உண்மை உரைத்தான். அரசன் இரங்கி அவனுக்குப் பொருள் கொடுத்தான். திருடினால் அரசன் பொருள் தருவான் என்று கேள்வியுற்றுப் பலர் திருடலாயினர். அது கண்டு அஞ்சிய அரசன், அடுத்து அகப்பட்டவனின் தலையை வெட்டுவித்தான். அரசன் வாளெடுத்தது கண்ட திருடரும் வாள் செய்துகொண்டனர். களவோடு கொலையும், கொலையோடு பொய்யும் வளர்ந்தன.

இதனைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இரக்கம் காட்டினால் குற்றம் பெருகும் என்று வாதிடுவோரின் கூற்றைச் சுத்தம் மறைக்கவில்லை; அவ்வாறு நிகழ்ந்ததை அதுவே கூறுகின்றது. கடுந்தண்டம் கொடுத்தால் குற்றம் அடங்கும் என்போரின் கூற்றையும் அது சோதித்துப் பார்த்து, பொய்யெனக் காட்டுகின்றது. திருடிய பின் தந்த கொடையும் பயன்படவில்லை. திருடிய பின் ஓங்கிய வாளும் பயன்படவில்லை. பிழை அவ்விரண்டுக்கும் முன்னே நிகழ்ந்துவிட்டது. உரிய காலத்தில், உரியவர்க்கு, உரிமையாகத் தர வேண்டியதைத் தராமையே அப்பிழை. கூடதந்த சுத்தமும் இதனையே வேறு வகையில் உரைக்கின்றது: கள்வரை ஒறுத்தும் நாடு கடத்தியும் அடக்க முயலாமல், உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் ஊழியனுக்குக் கூலியும் தருக என்பது அங்கே மன்னனுக்குக் கூறப்படும் அறிவுரை.

காவல் அளித்தான், பொருள் அளிக்கவில்லை என்னும் அந்த வாக்கியத்தை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர், குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் அடைபட்டிருந்தனர். சுமார் 800 பேருக்கென அமைந்த ஆர்தர் ரோடு சிறையில் அதைப்போல் மூன்று மடங்கினர் இருந்த ஆண்டுகள் பல. 2020இல் கொரோனாத் தொற்று சிறைக்குள் நுழைந்தபோது, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மாநிலந்தோறும் உயர்மட்டக் குழுக்கள் அமைந்து, கைதிகள் ஆயிரக்கணக்கில் இடைக்காலமாக விடுவிக்கப்பட்டனர். நோய்க்கு அஞ்சி விடுவிக்க முடிந்தவர்களை, நீதிக்கு அஞ்சி முன்பே விடுவித்திருக்க முடியாதா?

பணமில்லை என்னும் விடை

பொருள் ஏது, பணம் ஏது என்று அரசு கேட்கலாம். இதற்கு நீதிமன்றங்கள் முன்பே விடை பகர்ந்துள்ளன. 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கில், விரைந்த விசாரணை குடிமகனின் உரிமை, பணமில்லை ஆளில்லை என்று சொல்லி அரசு அதனின்றும் தப்ப இயலாது என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1986இல், சிறைகளில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்காகப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் அந்நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. எக்காரணம் கொண்டும் குழந்தையைச் சிறையில் வைக்கலாகாது. சிறுவர் இல்லத்தில் போதிய இடமில்லையென்றால் குழந்தையை ஜாமீனில் விடுக என்றது. அரசின் வறுமையை அரசே சுமக்க வேண்டும், குழந்தை சுமக்கலாகாது என்பதே இதன் கருத்து. இதனினும் தெளிவான அறமொழி வேறு யாது வேண்டும்?

செல்வம் கொழிக்கும் நாடுகளும் இக்குற்றத்தினின்றும் விலகியன அல்ல. சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் உலகில் முதன்முதல் 1899இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், குக் கவுண்டியில் ஏற்பட்டது. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. அந்தச் சட்டம் சிறுவர்களைக் கண்காணித்து நல்வழிப்படுத்த நன்னடத்தை அலுவலர்களை நியமிக்கலாம் என்றது. உடனே, அவர்களுக்குப் பொதுப்பணத்தினின்றும் ஊதியம் கிடையாது என்றும் விதித்தது! நீதிமன்றம் உண்டு, அதன் கையும் காலுமாகிய ஊழியர்க்குக் கூலி இல்லை. அந்நகரத்து மகளிர் ஒரு குழு அமைத்து, தம் முயற்சியால் நன்கொடை திரட்டி அவ்வூதியத்தை அளித்தனர். சில ஆண்டுகள் சென்ற பின்னரே கவுண்டி அச்செலவை ஏற்றது. கருணையைச் சட்டத்தில் எழுதிவிட்டு, அதற்குரிய காசைத் தராதிருப்பது ஆட்சியாளரின் பழைய வழக்கம். நம் சட்டமும் ஜில்லாதோறும் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளரும் சேர்ந்த சிறார் நீதி வாரியம் வேண்டும் என்கின்றது; நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், சிறு குற்றமாயின் மேலும் இரண்டு மாதத்துக்குள் முடியாவிடில் வழக்கே அற்றுப்போகும் என்கின்றது. வாரியத்தில் ஓர் இடம் காலியாக இருக்குமானால் இந்த விதி என்னாகும்?

ஊழ்வினை என்னும் சாக்கு

நம்மவரிடையே கேட்கப்படும் ஒரு சொல்லையும் இங்கே ஆராய வேண்டும். அவன் வினை, அவன் அனுபவிக்கிறான் என்பதே அச்சொல். இது பௌத்தர் வாயில் வரத் தகாதது. மோலியசீவகன் என்னும் துறவி, மாந்தர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வந்தனவே என்று கொள்வாரைப்பற்றிக் கேட்டபோது, பகவன் அக்கொள்கையை மறுத்தார். பித்தம், வாதம், கோழை, இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், ஒழுங்கின்மை, புறத்தாக்குதல், வினை எனக் காரணங்கள் பலவாம். எல்லாவற்றையும் வினையின் மேல் ஏற்றுவோர் கண்கூடாகக் கண்டதையும் கடந்து பேசுவோர் என்றார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விசாரணைக் கைதிகள் தாழ்த்தப்பட்ட வகுப்பினராக இருப்பதற்கும், மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 2011 கணக்கின்படி நூற்றுக்கு 16.6 மட்டுமே ஆவதற்கும் காரணம் முற்பிறப்பு என்று கூறுவோமாயின், நாம் எந்தக் கொள்கையை விட்டு வெளியேறினோமோ அக்கொள்கைக்குள்ளேயே மீண்டும் புகுந்தவர்கள் ஆவோம்.

காரணம் கண்முன்னே உள்ளது. ஜாமீன் என்பது சொத்துடையவனுக்குத் திறக்கும் கதவு. 1978இல் மோதிராம் என்னும் கொத்தனார் வழக்கில், கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. அவர் சகோதரர் பிணை நிற்க வந்தபோது, சொத்து வேறு ஜில்லாவில் இருக்கின்றது என்று மறுத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் இதனைக் கடிந்து, தமிழன் ஒருவன் சாந்தினி சவுக்கில் பிடிபட்டால் என் செய்வான் என்னும் கருத்துப்பட வினவினார். திருநெல்வேலியில் ஓட்டுவீடும் தாராவியில் வாடகைக் குடிசையும் உடைய நமக்கு அவ்வினாவின் ஆழம் விளங்கும். 2023இல் மத்திய அரசு, பிணைப்பணம் கட்ட இயலாத வறிய விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சிறைக்குள்ளும் சாதி பின்தொடர்ந்தது. பெருக்கும் வேலை ஒரு சாதிக்கு, சமைக்கும் வேலை ஒரு சாதிக்கு என்று வகுத்த சிறை விதிகளை, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாதென ஆக்கியது. குடியரசாகி 74 ஆண்டுகள் கடந்த பின்னர் அது நிகழ்ந்தது!

கொடுஞ்செயல் செய்த சிறுவன்

இனி, கடினமான கேள்வி ஒன்று. சிறு திருட்டைப்பற்றிப் பேசுதல் எளிது. கொலையும் வன்புணர்ச்சியும் செய்த பதினேழு வயதினனை என் செய்வது? 2012 டிசம்பரில் டெல்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நாடு முழுதும் இக்கேள்வி எழுந்தது. நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் வயது வரம்பைக் குறைக்க இசையவில்லை. ஆயினும் 2015ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் குறைந்த அளவுத் தண்டனையாக விதிக்கப்படும் கொடுங்குற்றத்தில், பதினாறு நிரம்பியவனைப் பெரியவனைப்போல் விசாரிக்கலாமா என்பதை வாரியம் ஆராய்ந்து முடிவு செய்ய இடமளித்தது.

பாதிக்கப்பட்டவளின் துயரைச் சிறிதாக எண்ணுவது கருணை ஆகாது. அங்குலிமாலரின் வரலாற்றிலும் அது மறைக்கப்படவில்லை. பிக்குவாகிய பின்னும் அவர் பிச்சைக்குச் சென்றபோது கல்லும் கழியும் வீசப்பட்டன, பாத்திரம் உடைந்தது, தலையில் குருதி வழிந்தது. பொறுத்துக்கொள்க, இது நீ செய்ததன் விளைவு என்றார் பகவன். தீமைக்கு விளைவு இல்லை என்று அவர் கூறவில்லை. ஆனால் ஒரு மனிதன் தான் செய்த தீமையோடு முடிந்துவிட்டான் என்றும் கூறவில்லை. பிக்குவான கொலைஞனைக் கண்ட பசேனதி மன்னன், தண்டத்தாலும் படையாலும் தன்னால் அடக்க முடியாதவனைத் தண்டமும் படையும் இன்றிப் பகவன் அடக்கினார் என்று வியந்து திரும்பினான்.

நம் நெறியில் வினையென்பது சேதனை. அதாவது எண்ணித் துணிதல். எண்ணம் முற்றாத வயதினன் செய்த செயலின் கனத்தை அளக்க வேண்டுமாயின், அவன் எண்ணத்தை அளக்கத் தெரிந்தவர் வேண்டும். 2022இல் உச்ச நீதிமன்றமும், குழந்தை உளநூலில் தேர்ச்சியுடையார் இல்லாத வாரியம் அத்தகையோரின் துணையைப் பெற்றே தீர வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. அத்துணையாளர்க்குரிய ஊதியத்தை ஒதுக்காத அரசு, ஒரு சிறுவனைப் பெரியவனாக எண்ணுவதற்கு மட்டும் சட்டம் செய்வது, துலாக்கோலை ஒளித்து வைத்துவிட்டு எடையைக் கூறுவது போன்றதாகும். எண்ணித் துணிதலே வினையாயின், எண்ணியே ஒதுக்காது விட்ட பணமும் அரசின் வினையே.

நம் கடமை

நம் மும்பைக்கு வடக்கே சோபாராவில் அசோக மன்னரின் பாறைச் சாசனத் துண்டுகள் கிடைத்துள்ளன. அம்மன்னர் தமது தூண் சாசனம் ஒன்றில், முடிசூடி 26 ஆண்டுகளில் 25 முறை கைதிகளை விடுவித்ததாகக் கூறுகின்றார். மக்களை உடைய கைதிக்கும் முதிய கைதிக்கும் உதவுமாறு தம்ம மகாமாத்திரர்களை ஏவியதாகப் பாறைச் சாசனம் ஒன்றில் உரைக்கின்றார். பேரரசர் ஒருவருக்கே இது நாட்டுக் கணக்கில் எழுதத்தக்க செய்தியாயிற்று. குடியரசில் நாமே அரசர். ஆதலின் இக்கடமை நம் தோளில் இறங்குகின்றது.

முதலாவது, அறிந்திருத்தல். பதினெட்டு நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். பிணையாள் இன்றியும் ஜாமீனில் விடலாம். விடாதிருக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் சிலவே. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கும் காவலில் உள்ளோர்க்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர் உதவி இலவசம். இவ்வளவையும் அறிந்த ஒருவர் ஒவ்வொரு சாளிலும் இருப்பாராயின், முன்னே கூறிய தாய் அந்த இரவில் தனித்து நிற்கமாட்டாள்.

இரண்டாவது, கேட்டல். வாக்குக் கேட்டு வருவோரிடம் குழாயும் கழிவறையும் கேட்கின்றோம், நன்று. சிறார் நீதி வாரியத்தில் எத்தனை இடம் காலி, நன்னடத்தை அலுவலர் எத்தனை பேர், சென்ற ஆண்டு ஒதுக்கிய பணத்தில் செலவழிந்தது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். ஒதுக்கியதைச் செலவழியாது திருப்பி அனுப்புவதும் ஒருவகை மறுப்பே.

மூன்றாவது, ஏற்றல். இல்லத்தினின்றும் வீடு திரும்பும் பிள்ளையை நம் தெரு எவ்வாறு வரவேற்கின்றது? அவனுடைய வழக்கின் பதிவை அழித்துவிடுமாறு சட்டமே கூறுகின்றது. நம் நாவோ அதனை அழிப்பதில்லை. டோங்கிரிக்குப் போய் வந்தவன் என்னும் பெயர் அவனுக்கு நிலைத்துவிடுகின்றது. வேலை கேட்டால் கொடுப்பாரில்லை. பெண் கேட்டால் தருவாரில்லை. சட்டம் விட்டுவிட்டவனை நாம் மதிலின்றியே சிறைவைக்கின்றோம். விகாரையில் பஞ்சசீலம் ஏற்கும்போது அவனுக்கும் ஓரிடம் அளித்து, அவனுக்கு ஒரு தொழிலைக் கற்பிக்க நம்முள் ஒருவர் முன்வருதல் வேண்டும். இதற்கு அரசின் பணம் வேண்டியதில்லை.

சோழன் ஆணையிட்டதால் அன்று சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. இன்று ஆணையிட ஒரு சோழன் இல்லை. ஆண்டுதோறும் கேட்கும் குடிகளும், ஆண்டுதோறும் ஒதுக்கும் சபையும், இரவில் ஸ்டேஷனுக்கு உடன் செல்லும் அயலாரும் சேர்ந்தே அதனைச் செய்ய வேண்டும்.